சின்னக் கரண்டி

பிப்ரவரி 3, திங்கள்

பருப்பு வியாபாரி இன்றைக்கு விலைச் சீட்டை என் கையில் கொடுக்கவே இல்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். இரண்டு மாதத்தில் மூன்றாவது ஏற்றம். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? எய்தவன் எங்கேயோ இருக்க அம்பை நோவானேன்.

பதினொரு மணிக்குக் கல்லூரிப் பதிவாளர் கூப்பிட்டார். தன் அலுவலகத்துக்கு அல்ல, ஆசிரியர் உணவறைக்கு. மாணவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கும் அறை அது. இருபத்தாறு பேர் சாப்பிட வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள், நாலு வகைக் கறி, தனி அடுப்பு, பரிமாற இரண்டு ஆள், செலவெல்லாம் என் கூடத்துக் கணக்கில். கீழே ஆயிரத்து நூறு பிள்ளைகளுக்கு மொத்தம் ஆறு பேர் பரிமாறுகிறார்கள்.

டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தின் செலவில் நூற்றுக்குப் பதினைந்து குறைய வேண்டும். குறையாவிட்டால் ஜூலையிலிருந்து கூடம் குத்தகைக்குப் போகும். கட்டணத்தை ஏற்ற முடியாதாம், இரண்டு வருடம் ஏற்ற மாட்டோம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருக்கிறதாம். வாக்குக் கொடுத்தது அவர்கள், வயிற்றைச் சுருக்க வேண்டியது பிள்ளைகள். கூடத்தில் என் கீழ் வேலை பார்க்கும் முப்பத்துநாலு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அது குத்தகைக்காரர் பாடு என்றார்.

அந்த அறையிலேயே உட்கார்ந்துகொண்டு, இந்த அறையை மூடினால் என்ன என்று கேட்டேன். சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார் போல.

பிப்ரவரி 4, செவ்வாய்

எண்ணெயும் ஏறிவிட்டது. இன்று வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நாலு நாளாக மண்டையைக் குடைந்துகொள்கிறேன். முட்டையை நிறுத்தினால் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். கூச்சல் போட வேண்டியதுதான், நானே போடுவேன். ஞாயிறு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் வெளியே வாங்கிச் சாப்பிட வசதியில்லாததுகள் பட்டினி கிடக்கும். அப்படி எத்தனை பிள்ளைகள் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்கும் முகங்கள் தெரியும்.

இன்று பாத்திரக் கடைக்கு அண்டா மூடி வாங்கப் போனேன். அங்கே கரண்டிகள் வரிசையாகத் தொங்கின. நம் கூடத்துப் பருப்புக் கரண்டி இருநூறு மில்லி. அதன் பக்கத்திலேயே அதே மாதிரி, அதே காம்பு, அதே வளைவு, நூற்றைம்பது மில்லி. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பன்னிரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இது என் யோசனைதான். யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோய்விடக் கூடாது.

பதிவாளருக்கு ஒரே சந்தோஷம். “யாருக்கும் சொல்ல வேண்டாம். பரிமாறுறவங்களுக்கும்தான்,” என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னபோது, பஸ் பணிமனையிலிருந்து வந்த எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறாவது நிறைய வேண்டாமா என்றார். எதற்கெடுத்தாலும் நக்கல்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலேயே பழைய கரண்டிகளைக் கட்டிச் சாமான் அறையில் மேல் தட்டில் போட்டுவிட்டு, புதியவற்றை மாட்டினேன். ஏன் என்று கேட்டார்கள். பழையதில் பிடியெல்லாம் ஆடுகிறது, அதனால் மாற்றினோம் என்று சொன்னேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, அதுவும் நல்ல காரியத்துக்கு என்று நினைத்துவிட்டால்.

கண்ணாடி அக்கா மட்டும் புதுக் கரண்டியைக் கையில் வாங்கி இரண்டு முறை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தாள். முதல் வரிசையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிமாறுகிறவள். பருப்பு அண்டாவின் ஆவியில் அவள் மூக்குக்கண்ணாடி எப்போதும் வெள்ளையாகப் பூத்திருக்கும், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். அவள் துடைப்பதே இல்லை. தட்டைப் பார்த்துப் போடுவதில்லை, கைக்கு வரும் கனத்தை வைத்துப் போடுகிறாள். ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று அந்த மணிக்கட்டுக்குத் தெரியும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம்.

என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்றும் புரியவில்லை. முன்பு சமைத்த அதே அளவுதான் இப்போதும் சமைக்கிறோம். சின்னக் கரண்டி, ஆகவே அண்டாவில் கால்பங்கு மிஞ்ச வேண்டும். மிஞ்சியதைப் பார்த்துச் சமையலைக் குறைக்கலாம் என்பதுதான் திட்டம். மிஞ்சவில்லை. ஒன்றேமுக்காலுக்கே அண்டா காலி, கடைசியில் வந்த நாற்பது பேருக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான் கொடுத்தோம். சமையல் மாஸ்டர் காலி அண்டாவின் அடியைத் தட்டிக் காட்டினார். சட்டியில் இருந்தால்தானே மேடம் அகப்பையில் வரும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது.

பிப்ரவரி 19, புதன்

தினமும் ஒரு சின்ன அண்டா கூடுதலாகச் சமைக்கிறோம். சின்னக் கரண்டி வைத்து, பெரிய செலவு! பதிவாளர் இன்று ஒரு வரியில் முடித்துவிட்டார். கரண்டி சின்னது, வயிறு அதே வயிறு, அப்படியானால் பருப்பு பின்வாசல் வழியாகப் போகிறது என்றார்.

என் ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்லாதீர்கள் என்று சண்டை போட்டேன். போட்டுவிட்டு மாடிப்படி இறங்கும்போதே, அப்புறம் எங்கேதான் போகிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. அடுத்த படியில் ஒவ்வொரு முகமாக மனசில் வந்தது. கீழே வந்து சேர்வதற்குள் எல்லோரும் திருடர்களாகிவிட்டார்கள்.

முப்பத்துநாலு பேர் வேலைக்காக நான் மேலே போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், இவர்கள் அடிமடியிலேயே கை வைக்கிறார்களா? இருக்கட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

மூன்றரை மணிக்குப் பின்வாசலில் எல்லோருடைய பைகளையும் காவலாளியை விட்டுத் திறந்து பார்க்கச் சொன்னேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. பைகளைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

கண்ணாடி அக்காவின் பையில் அடுக்கு டப்பா. சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை.

“என் பங்கு மேடம்,” என்றாள். அவ்வளவுதான்.

ஊழியர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. ஆனால் உள்ளேயே சாப்பிட வேண்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது. விதிப்புத்தகத்தில் இருக்கிறது, அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. இவளா? நான் இந்த வேலைக்கு வந்த முதல் வாரம், எதில் எவ்வளவு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவள் இவள். வேலியே பயிரை மேய்கிறது.

அரை மணி நேரத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். “உணவுப் பொருள் வெளியே செல்வதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.” ஐந்து மணிக்குள் தற்காலிக வேலைநீக்கம். மார்ச் பத்தாம் தேதி விசாரணை. திருட்டு என்று தீர்ந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்.

போகட்டும். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

பிப்ரவரி 22, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வரைக்கும் கேட்டார். அப்புறம், “அந்த டப்பால எத்தன அண்டா பருப்பு பிடிக்கும்?” என்று கேட்டார்.

உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான் என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவள் இல்லாமல் நேற்றும் அண்டா காலி. இன்றும் காலி.

முதல் வரிசைக்கு ஆள் இல்லை. நாளையிலிருந்து நானே நிற்கிறேன். எப்படித் தீர்ந்துபோகிறது என்று என் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

எப்படி எழுதுவது?

இரண்டு நாளாக முதல் வரிசையில் பரிமாறினேன். இன்று ஒன்றேகால் மணிக்கு மாஸ்டர் வந்து என் காதருகே, “மேடம், உங்க வரிசைதான் முதல்ல காலியாகுது. நேத்தும் அப்படித்தான்,” என்றார். என்னை என்ன திருடி என்கிறீரா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போது எதிரே ஒரு பெண் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கரண்டி போட்டேன். சோற்றின் நடுவே சின்னதாக ஒரு குளம், சுற்றிலும் வெள்ளையாக வறண்ட சோறு. தட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் கை மறுபடி அண்டாவுக்குள் போயிற்று.

கை போன பிறகுதான் பார்த்தேன்.

அளவு சின்னது என்று தெரிந்தவள் நான். அதைக் கடையில் போய்த் தேர்ந்து வாங்கியவள் நான். இரண்டாம் தடவை பாதிதான் போடலாம் என்று இறங்கிய கை, கூட்டத்தின் அவசரத்தில் முழுக் கரண்டியையும் அள்ளுகிறது. எத்தனை தட்டுக்கு இப்படிப் போட்டேன்? பாதிக்கு மேல் இருக்கும். இரண்டு சின்னக் கரண்டி முந்நூறு. பழைய கரண்டி இருநூறு. இதற்கு எந்தப் பின்வாசல் வேண்டும்?

ஒரு பருக்கையும் வெளியே போகவில்லை. எல்லாம் முன்வாசல் வழியாக, என் கண்ணெதிரே, தட்டில்தான் போயிருக்கிறது. அட பாவி. என்ன காரியம் செஞ்சேன் நான்.

மார்ச் 2, ஞாயிறு

கண்ணாடி அக்கா வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்றாவது மாடி, இருட்டுப் படிக்கட்டு. கதவைத் திறந்த அவள் தங்கை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொல்லவில்லை. பின்னாலிருந்து கண்ணாடி அக்காவின் குரல்தான் உள்ளே கூப்பிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

டப்பாவைப் பற்றி முதலில் கேட்டேன். மூன்று மணி நேரம் ஆவியில் நின்றால் வாயில் ஒன்றும் இறங்காதாம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தன் பங்கை நாலரைக்குச் சாப்பிடுவாளாம். பல வருடமாக அப்படித்தானாம். எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் தெரியாது.

அப்புறம் கரண்டியைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கையில எடுத்ததுமே தெரிஞ்சிபோச்சு மேடம், சின்னதுன்னு. நீங்க கடையில அளவு தப்பா வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன். விலை ஏறுற நேரத்துல பன்னெண்டு கரண்டி தப்பா வாங்கினது மேல தெரிஞ்சா உங்களுக்குத்தானே பேச்சு விழும்? அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஒண்ணரையாப் போட்டு சரிக்கட்டுங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லி வச்சேன்.”

நான் செய்யாத தப்பை எனக்காக மூடி மறைத்திருக்கிறாள். நான் செய்த தப்புக்கு அவளைத் திருடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தப்பாக வாங்கவில்லை அக்கா, தெரிந்துதான் வாங்கினேன் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவள் அதைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“வேணும்னேவா?”

அவள் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 3, திங்கள்

பதிவாளரிடம் எல்லாம் சொன்னேன். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கதவை மூடச் சொன்னார்.

கரண்டி விஷயத்தை எழுத்தில் கொண்டு வரக் கூடாதாம். மாணவர்களுக்குத் தெரிந்தால் வீணான பிரச்சினையாம். அதற்குப் பதில் ஒரு நல்ல வழி இருக்கிறதாம். வயதாகிவிட்டது, முடியவில்லை என்று அந்த அம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், திருட்டு என்ற பேச்சை எடுக்காமல் விட்டுவிடலாம், ஓய்வூதியத்தில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இதையெல்லாம் தானம் கொடுக்கிற தோரணையில் சொல்கிறார்!

யாருக்குப் பரவாயில்லை? குறையப் போவது யாருக்கு? திருடாதவளுக்கு மன்னிப்புக் கொடுக்க இவர் யார்?

இதை அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் கேட்கிறேன். வெட்கக்கேடு.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. நீள மேசை, மூன்று பேர், தண்ணீர் பாட்டில்கள். கண்ணாடி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் காலி டப்பா. சான்றுப் பொருளாம். கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டு வந்திருந்தாள்.

நான் இரண்டு கரண்டிகளையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பதிவாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அளந்தே காட்டினேன். மேசையெல்லாம் ஈரமாயிற்று, ஒருவர் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். அளவைக் குறைத்தது நான், சொல்லாமல் குறைத்தது நான், பிடி ஆடுகிறது என்று பொய் சொன்னது நான், சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது, என் அறிக்கை தவறு என்று சொன்னேன்.

குற்றச்சாட்டு தள்ளுபடி. அவளுக்கு முழுச் சம்பளத்தோடு வேலை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடச் சம்பள உயர்வு கிடையாது. கரண்டி மட்டும் சின்னக் கரண்டியே தொடர வேண்டுமாம், இந்த முறை பரிமாறுகிறவர்களுக்கு “முறையாக அறிவுறுத்தி”.

வெளியே வந்ததும் அவளிடம் பேசப் போனேன். டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

வந்துவிட்டாள். எல்லோரையும் கூட்டி, ஒரு தட்டுக்கு ஒரு சின்னக் கரண்டிதான் என்று சொன்னேன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் தலையசைத்தாள்.

இன்று மதியம் பார்த்தேன். தோளில் ஒரு துண்டு போட்டிருக்கிறாள். நாலு தட்டுக்கு ஒரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். அளவை இப்போது கண்ணால் பார்த்துப் போடுகிறாள். கரண்டியின் விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டு வந்தாலும் அண்டாவின் ஓரத்தில் வழித்துவிட்டுத்தான் தட்டில் ஊற்றுகிறாள். ஒரு பையன், அக்கா இன்னும் கொஞ்சம் என்றான்.

“அளவு அவ்வளவுதான் தம்பி.”

பன்னிரண்டரை முதல் இரண்டு வரை அந்த வரிசையில் வேறு பேச்சே கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அண்டாவில் கால்பங்கு மிஞ்சுகிறது. தினமும். நான் கடையில் நின்று போட்ட கணக்கு மில்லி பிசகாமல் வந்துவிட்டது.

பதிவாளர் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். எச்சரிக்கைக் கடிதம் வந்த அதே வண்ண உறை. இரண்டையும் ஒன்றாக அலமாரியில் வைத்தேன். ஏறுகிற விலைக்கு எதிராக நான் ஜெயித்துவிட்டேனாம். யாரை ஜெயித்தேன்? பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் பசியை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டு, அதையும் வழித்துப் போட்டு. சட்டியில் இருந்தும் அகப்பையைச் சின்னதாக்கியவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மாடியில் இன்றைக்கும் நாலு வகைக் கறி. இருபத்தாறு பேரில் பதினேழு பேர்தான் வந்தார்கள். மீதியைக் கொட்டினார்கள்.

மார்ச் 24, திங்கள்

தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு முதல் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு கரண்டி, வழித்து, ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த தட்டு என்றாள்.

கேட்டது கிடைத்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதிச் சோறு வெறும் சோறாகத்தான் உள்ளே போயிற்று. நாலு மணிக்கெல்லாம் பசி.

மார்ச் 26, புதன்

நேற்று உட்கார்ந்து இரண்டு தாள் தட்டச்சு செய்தேன். இன்று பதிவாளரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஒன்று, மாணவர்களுக்கான அறிவிப்பு. “பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து உங்கள் பருப்பின் அளவு கால்பங்கு குறைக்கப்பட்டுள்ளது.” கீழே பதிவாளரின் கையெழுத்துக்கு இடம். மற்றொன்று, ஆசிரியர் உணவறையை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மூடி, அந்த அடுப்பையும் இரண்டு ஆட்களையும் கீழே கொண்டு வந்து, பருப்புக்குப் பழைய கரண்டியையே வைக்கும் உத்தரவு. அதற்கும் கையெழுத்துக்கு இடம்.

ஏதாவது ஒன்றில் போடுங்கள் சார் என்றேன். அறிவிப்பு எதற்கு, எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்றார். நன்றாகத்தான் போகிறதென்றால் சொல்வதில் என்ன தயக்கம் என்றேன். மிரட்டுகிறீர்களா என்றார். இல்லை சார், என் பங்குக்கு நான் விசாரணையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது என்றேன். எனக்கே எங்கிருந்து வந்ததோ.

பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். அவர்களையும் அறிவிப்பைப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். முதல் தாளை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். அவருக்கு அதை முழுக் கையால் தொடக்கூட மனசில்லை. ஆயிரத்து நூறு தட்டில் குறைக்க முடிந்தது, ஒரு தாளில் எழுத முடியவில்லை.

இரண்டாவது தாளில் கையெழுத்து விழுந்தது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. எனக்குப் போதும்.

இதில் நூற்றுக்குப் பதினைந்து குறையாது. மாஸ்டரோடு உட்கார்ந்து பார்த்ததில் பதினொன்று வருகிறது. மீதி நாலுக்கு ஜூனில் மறுபடி மாடி ஏறிச் சண்டை போட வேண்டும். போடுவேன். இவரிடம் சொன்னேன். “ஜூன் வரைக்குமாவது வீட்டுல சண்டை இல்ல,” என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் சாமான் அறை மேல் தட்டிலிருந்து பழைய கரண்டிகளை இறக்கி, நானே சோப்புப் போட்டுக் கழுவி, கொக்கியில் மாட்டினேன். யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அப்புறம் நினைத்துக்கொண்டு, எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பழைய அளவு, பழைய கரண்டி, ஒரு தட்டுக்கு ஒன்று, காரணம் இது, செலவு இது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடுக்கு டப்பாவில் அவரவர் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று விதிப்புத்தகத்தில் புதுப் பக்கம் ஒட்டியிருப்பதையும் சொன்னேன்.

கண்ணாடி அக்கா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் பேராசிரியர்கள் கீழே வந்தார்கள். தட்டு எங்கே இருக்கிறது என்று பதிவாளருக்குத் தெரியவில்லை. ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நாமும் நகர வேண்டும் என்பது இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது அவருக்கு. அவருக்கும் அதே ஒரு கரண்டிதான் விழுந்தது.

இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்தபின் நான் தட்டோடு போனேன். அண்டாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. தோளில் துண்டு இல்லை. மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்திருந்தது, கண்ணே தெரியவில்லை. கரண்டி இறங்கியது, மணிக்கட்டில் ஒரு நொடி நின்றது, என் தட்டில் விழுந்தது. நான் நகரப் போனேன்.

“மேடம்.”

நின்றேன். அவள் கரண்டியின் காம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடி ஒண்ணும் ஆடலையே.”

“இல்லக்கா,” என்றேன். “ஆடல.”